ஃப்ராக் என்றால் தவளை மட்டுமா? புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கிய முதல் வருடம், கட்டட வேலைப் பயிற்சிக் கையேடு ஒன்று என்னிடம் வந்தது. செங்கல் சுவர் எழுப்பும் பாடத்தில், ஃப்ராக் மேலே பார்த்திருக்கும்படி கல்லை வைக்க வேண்டும் என்று ஒரு வரி. கல்லில் ஏதோ தவளை முத்திரை குத்தியிருப்பார்கள் போல என்று நானாகவே முடிவுசெய்து, ‘தவளைப் பக்கம் மேலே வரும்படி கல்லை வைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நல்ல வேளை, அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு கொத்தனார் அதைப் படித்தார். “தவளைப் பக்கம்னா எது தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பாடத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் பக்கத்தில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு முகம் தட்டை. மறு முகத்தின் நடுவே நீள்சதுரமாக ஒரு பள்ளம், விரல் நுனி புதையும் ஆழம். பள்ளத்துக்குள் சூளைக்காரரின் பெயரெழுத்து இரண்டு புடைத்து நின்றன. “இந்தக் குழியத்தான் சொல்றாங்க. குழி மேல பாத்து இருந்தாத்தான் கலவை உள்ள இறங்கிப் பிடிக்கும். கவுத்து வெச்சா உள்ள காத்துதான் நிக்கும்” என்றார்.

அந்தக் குழிதான் ஃப்ராக். செங்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயத்திலேயே இது உண்டு: 9 சென்டிமீட்டர் உயரக் கல்லின் ஒரு தட்டை முகத்தில் 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஃப்ராக் இருக்க வேண்டும். நான் அகராதியைத் திறக்கவே இல்லை. தெரிந்த சொல்தானே, இதற்கெல்லாம் அகராதியா என்று விட்டுவிட்டேன். தெரியாத சொல் வந்தால் நாம் நின்று தேடுவோம். தெரிந்த சொல் அப்படி நிற்க விடாது. என் பயமெல்லாம் அங்கேதான். நான் எழுதிய வரியை நம்பி ஒரு பயிற்சி மாணவர் கல்லைக் கவிழ்த்து அடுக்கியிருந்தால், சுவருக்குள் வரிசை வரிசையாகப் பொந்து விழுந்திருக்கும்.

அதிலிருந்து இந்த ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கினேன். புதிதாக வருபவர்களுக்குப் பாடம் சொல்ல இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சரி, படிப்படியாகப் பார்ப்போம். (குழந்தைகளுக்குப் போடும் கவுனையும் நாம் ஃப்ராக் என்றுதான் சொல்கிறோம். அது வேறு சொல், ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. இங்கே பேசுவது தவளையைக் குறிக்கும் சொல்லைப் பற்றி.)

முதல் படி: பேசுவது யார் என்று பாருங்கள்

வரியை மொழிபெயர்க்கும் முன், இது எந்த வேலைக்காரரின் பேச்சு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கு ஃப்ராக் என்றால் குழி. குதிரைக்கு லாடம் அடிப்பவருக்குக் குளம்பின் அடியில் இருக்கும் மெத்தென்ற பகுதி. வயலின் வாசிப்பவருக்கு வில்லில் கைபிடிக்கும் இடத்துக் கட்டை. அமெரிக்க ரயில்வே ஊழியருக்கு இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம். தச்சருக்கு இரும்பு இழைப்புளியில் கத்தி சாய்ந்து உட்காரும் துண்டு. உழவுக் கருவி செய்பவருக்கு, கொழுவையும் மண் புரட்டும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும் நடுப்பாகம். பூ அலங்காரம் செய்பவருக்குத் தண்டுகளைக் குத்தி நிறுத்த ஜாடிக்குள் போடும் முள் தட்டு, ஜப்பானியர்கள் கென்சான் என்பார்களே, அது. படைவீரருக்கு இடுப்பு வாரில் வாளுறையை மாட்டும் தோல் பட்டை. தையல்காரருக்குக் கயிற்றை முடிச்சாகவும் வளையமாகவும் தைத்துச் செய்யும் பொத்தான். சீன உடைகளின் கழுத்தோரத்தில் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘இங்கே தவளை வர வேண்டிய அவசியம் என்ன?’ என்ற சந்தேகம் மனதில் எழுந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாம் படி: சொல்லின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

முன்னும் பின்னும் நாலு சொல்லைப் படித்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். ஆனால் அந்த அண்டைச் சொற்களும் சில சமயம் ஏமாற்றும். குதிரை வளர்ப்புக் கையேடுகளில் ‘ஃப்ராகில் த்ரஷ்’ என்று வரும். த்ரஷ் என்றால் ஆங்கிலத்தில் ஒரு பறவை, நாம் பூங்குருவி என்கிறோம். அதே சொல் குழந்தைகளுக்கு வாயில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கும் பெயர். குதிரைக்காரர் சொல்வது இரண்டுமில்லை. ஈரமும் சாணியும் அப்பிய கொட்டிலில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடிப்பகுதி அழுகி, கறுப்பாகக் கசிந்து, நாற்றமெடுக்கும் நோய் அது. இரண்டு சொல்லும் தெரிந்த சொல், இரண்டுக்கும் தெரிந்த பொருளைப் போட்டால் ‘தவளைக்குள் பூங்குருவி’ என்று வந்து நிற்கும். ‘குளம்பின் அடியில் அழுகல்’ என்று எழுதினால் குதிரை வைத்திருப்பவருக்குச் சட்டென்று புரியும்.

இன்னொன்று. மாடல் ரயில் ஓட்டிப் பார்க்கும் பொழுதுபோக்கில் ‘லைவ் ஃப்ராக்’, ‘டெட் ஃப்ராக்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. உயிருள்ள தவளையும் செத்த தவளையும் அல்ல. பாதைகள் குறுக்கிடும் அந்தத் துண்டில் மின்சாரம் பாய்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. மின்சாரம் பாயாத துண்டாக இருந்தால் சிறிய எஞ்சின்கள் அதன்மேல் வரும்போது நின்றுவிடும். பக்கத்தில் வோல்ட், வயர் என்று ஏதாவது தட்டுப்பட்டால் இந்தப் பொருளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வினைச்சொல்லாக வந்தால் அநேகமாகக் கம்பளி பின்னுபவர்கள்தான். ஆறு வரிசையை ஃப்ராக் செய்தேன் என்பார்கள். பின்னியதைப் பிரித்துவிட்டேன் என்று அர்த்தம். பிரிப்பதை ஆங்கிலத்தில் ‘ரிப் இட், ரிப் இட்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவர்கள் காதில் தவளைச் சத்தம் போலக் கேட்கும். அந்த ஒலி விளையாட்டில் பிறந்த சொல். தமிழில் அந்த விளையாட்டைக் காப்பாற்ற முடியாது, முயலவும் வேண்டாம். ‘ஆறு வரிசையைப் பிரித்தேன்’ போதும்.

மூன்றாம் படி: பொருளைக் கண்ணால் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். அகராதி ஒரு வரியில் விளக்கம் தரும். அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், பொருளைப் பார்த்தே இராதவர் எழுதியது என்று தொழில் தெரிந்தவருக்கு உடனே தெரிந்துவிடும். முடிந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், முடியாவிட்டால் படம், காணொளி.

வயலின் வில்லை எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர் யாராவது வாசித்தால் ஐந்து நிமிடம் வாங்கிப் பாருங்கள். மெல்லிய நீண்ட குச்சி, அதன் கீழே இழுத்துக் கட்டிய குதிரை வால் முடி. ஒரு முனையில் முடி நுனிக்குள் செருகியிருக்கும். கை பிடிக்கும் மறு முனையில், பெரும்பாலும் கருங்காலியில் செய்த சிறு கட்டை ஒன்று குச்சியின் அடியில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் வட்டமாக முத்துச்சிப்பி பதித்திருப்பார்கள், பார்க்கக் கண் மாதிரியே இருக்கும். குச்சியின் கடைசியில் உள்ள திருகைத் திருகினால் அந்தக் கட்டை மெல்லப் பின்னால் நகரும், முடி விறைக்கும். தளர்த்தினால் முன்னால் போகும். கச்சேரி முடிந்ததும் வாசித்தவர் வில்லைப் பெட்டியில் வைக்கும் முன் அந்தத் திருகைத் தளர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கட்டைதான் ஃப்ராக்.

இதைப் பார்த்த பிறகு, பாடப் புத்தகத்தில் ‘ஃப்ராகில் வாசி’ என்று வந்தால் என்ன சொல்கிறார்கள் என்று புரிந்துவிடும்: முடியின் நுனிப்பக்கத்தை விட்டுவிட்டு, கைக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதியால் வாசிக்கச் சொல்கிறார்கள். அங்கே கையின் கனம் முழுவதும் தந்திமேல் இறங்கும், ஒலி தடிமனாக வரும். நான் ‘வில்லின் பிடிப்பக்கம்’ என்று எழுதுவேன். ஜெர்மன் மொழியிலும் அந்தக் கட்டைக்குத் தவளை என்றே பெயர், ஃப்ரோஷ். பிரெஞ்சுக்காரர்கள் குதிகால் என்கிறார்கள். பிரிட்டனில் அதை நட் என்றும் சொல்வதுண்டு. ஒரே கட்டை ஒருவருக்குத் தவளை, ஒருவருக்குக் குதிகால். அதனால் ‘இதற்குத் தமிழில் தவளை என்று ஏன் சொல்லக் கூடாது’ என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, பிரெஞ்சுக்காரர் சொல்லவில்லையே, அவர் வாசிப்பில் ஒன்றும் குறையவில்லையே என்பதுதான்.

குதிரைக் குளம்பையும் பாருங்கள். காலைத் தூக்கித் திருப்பினால், குதிகால் பக்கம் அகன்று விரல் பக்கம் கூர்ந்து, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு ரப்பர் போன்ற பகுதி தெரியும். குதிரை காலை ஊன்றும்போது அதிர்ச்சியைத் தாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. லாடம் அதைச் சுற்றி ஓரத்தில்தான் வரும். அதிலேயே ஆணி அடித்துவிட்டால் குதிரை நொண்டும். கையேட்டில் இந்த இடத்தைத் தப்பாக எழுதினால் வலிப்பது வாயில்லாப் பிராணிக்கு.

இந்த ‘வி’ வடிவத்தைப் பார்த்துவிட்டுத் தண்டவாளத்துக்கு வாருங்கள். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு தண்டவாளம் இன்னொன்றை வெட்டிக்கொண்டு போக வேண்டும். சக்கரத்தின் உள்விளிம்பு தாண்டுவதற்கு அங்கே ஒரு இடைவெளி விட்டு, கூரான ‘வி’ வடிவத் துண்டு ஒன்றை வைப்பார்கள். ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது காலுக்கடியில் ‘டடக் டடக்’ என்று கேட்பதில் பாதி இந்த இடைவெளியின் சத்தம்தான். சக்கரங்கள் அடித்து அடித்துத் தேயும் இடம் என்பதால் மாங்கனீஸ் கலந்த எஃகில் வார்ப்பார்கள். ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்டுபிடித்த அந்த எஃகுக்கு, அடி வாங்க வாங்க மேற்பரப்பு இறுகும் குணம் உண்டு. குதிரைக் குளம்பின் சாயல் இருப்பதால் இதற்கும் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பெயர்க்காரணத்தை நான் படித்து மகிழ்வதோடு சரி, மொழிபெயர்ப்பில் அதை நம்பி இறங்குவதில்லை. உடைப் பொத்தானுக்கு வழங்கும் ஃப்ராக் தவளையிலிருந்தே வரவில்லை, கம்பளிக் குஞ்சத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் போர்ச்சுகீசிய வழியாக வந்து சேர்ந்தது என்று ஒரு கருத்துகூட உண்டு.

நான்காம் படி: அந்த வேலையில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்

பொருள் புரிந்ததும் ஒரு ஆசை வரும். புதுச்சொல் ஒன்றை நாமே உருவாக்கலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நம் ரயில்வேயில் அந்தத் தண்டவாளத் துண்டுக்கு ஃப்ராக் என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. பிரிட்டிஷ் வழக்கப்படி கிராசிங்தான். ‘பாயிண்ட்ஸ் அண்ட் கிராசிங்’ என்று சேர்த்தே சொல்வார்கள். அமெரிக்க நூலில் ‘நம்பர் 12 ஃப்ராக்’ என்று வருவது, 12 அடி போனால் ஒரு அடி விலகும் கோணம். நம் ஊரில் அதே கோணத்தை ‘ஒன் இன் ட்வெல்வ்’ என்கிறார்கள். ‘1-க்கு 12 கிராசிங்’ என்று எழுதினால் கேங்மேனிலிருந்து பொறியாளர் வரை எல்லாருக்கும் புரியும். ‘தண்டவாளத் தவளை’ என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாது.

கொத்தனார் குழி என்றார், குழி என்றே எழுதினேன். கேட்டும் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் பொருளின் வேலையைச் சொல்லி எழுதுங்கள்: ‘கத்தி சாய்ந்து உட்காரும் இரும்புத் துண்டு’. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. ஃப்ராக் என்று தமிழ் எழுத்தில் அப்படியே போடுவதும் சில இடத்தில் சரிதான், வயலின்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். தையல் நூலில் மட்டும் கூடாது. ‘ஃப்ராகில் ஐந்து ஃப்ராக் தைக்கவும்’ என்றால் படிப்பவர் கவுனைத்தான் நினைப்பார். அங்கே ‘கயிற்றுப் பொத்தான்’ என்று எழுதுங்கள்.

எப்போது தவளையை விட்டுவைக்கலாம்

எல்லா இடத்திலும் தவளையைத் துரத்த வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுக்கும்போது குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் விரித்து, உள்ளங்கால்களைச் சேர்த்துவைக்கும் நிலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் தவளைக்கால் நிலை என்பார்கள். தமிழிலும் அப்படியே எழுதலாம். தவளை நீச்சல் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம், அந்தக் காலின் வடிவம் கண்முன் வந்துவிடும்.

நான் பார்ப்பது இதுதான்: தவளையின் எந்த அம்சத்தைக் கண்டு அந்தப் பெயர் வைத்தார்கள், அது தமிழ் வாசகருக்குத் தானாகத் தெரிகிறதா? நம் முன்னோர்களும் தவளையை நன்றாகக் கவனித்தவர்கள். குறுந்தொகை 148-ஆம் பாட்டில் செல்வச் சிறுவர்களின் காலில் கிடக்கும் பொன் கிண்கிணியைத் ‘தவளை வாய’ என்கிறார் இளங்கீரந்தையார். சலங்கை மணியின் பிளந்த வாயை நினைத்தால் அதற்குமேல் ஒரு விளக்கமும் வேண்டாம். நன்னூல், சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் முறைகளைச் சொல்லும்போது ‘தவளைப் பாய்த்து’ என்கிறது, இடையில் சிலவற்றைத் தாண்டிப் போய்ப் பொருந்துவது. வாயும் பாய்ச்சலும் காலும் நமக்குப் பழக்கம். செங்கல்லின் குழியில் நமக்குத் தவளை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

விலங்கே மாறிப்போகும் இடமும் உண்டு. குனிந்து நிற்பவர் முதுகில் கையூன்றித் தாண்டும் விளையாட்டு ஆங்கிலத்தில் தவளைத் தாண்டல், தமிழில் பச்சைக் குதிரை. குழந்தைகள் கதையில் தவளைத் தாண்டல் என்று எழுதிவிடாதீர்கள், நாம் ஆடிய விளையாட்டு அது. தொண்டையில் தவளை என்று ஆங்கிலத்தில் வந்தால் தொண்டை கட்டியிருக்கிறது, கரகரக்கிறது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களின் தொண்டையில் இருப்பது பூனை. நமக்கு ஒரு பிராணியும் வேண்டாம், ‘தொண்டை கட்டிக்கொண்டது’ என்ற வழக்கே அழகு. ஃப்ராக்மேன் என்றால் துடுப்பு மாட்டிய முக்குளிப்பு வீரர். ஃப்ராக்மார்ச் என்றால் இப்போதைய வழக்கில் ஒருவர் கையைப் பின்னால் முறுக்கித் தள்ளிக்கொண்டு போவது.

மருத்துவ அறிக்கையில் ரானுலா என்று வந்தால் கவனம். லத்தீனில் குட்டித் தவளை என்று பொருள், ஆனால் அது நாக்குக்கு அடியில் உமிழ்நீர் தேங்கி வரும் வீக்கம். நோயாளி படிக்கும் தாளில் தவளை என்ற சொல்லே வரக் கூடாது, வீணாகப் பயந்துவிடுவார். பழைய ஆங்கில நாவல்களில் பிரெஞ்சுக்காரர்களை ஃப்ராக் என்று இழித்துச் சொல்வார்கள். அங்கே தவளை என்று மட்டும் போட்டால் ஏச்சு என்பது தெரியாமல் போகும். ‘தவளை தின்னிப் பயல்’ என்று வசவின் தொனி தெரியும்படி எழுதுவேன், அதுவும் கதாபாத்திரம் பேசும் இடத்தில் மட்டும்.

கடைசிச் சோதனை

எழுதி முடித்த வரியை அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் வாசித்துக்காட்டுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் புரிகிறது என்பார்கள். ‘இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். என் கையேட்டு வரியை ‘குழி மேலே பார்த்திருக்கும்படி கல்லை வைக்கவும், குழி நிறையக் கலவை போடவும்’ என்று திருத்தி, அதே கொத்தனாரிடம் படித்துக்காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கல்லை எடுத்துக் குழியை மேலே வைத்துக் கரண்டியால் கலவையை அள்ளிப் போட்டார். அதன் பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்களுக்கு

அப்புறம் ஒரு விஷயம். நம் பக்கத்துத் தவளைகளும் இதே அளவு ஏமாற்றும். தேரை விழுந்த தேங்காய் என்றால் ஓடு இருந்தும் உள்ளே பருப்பு பிடிக்காத காய். அதற்குள் எந்தத் தேரையும் இல்லை. குழந்தைக்குத் தேரை தட்டியது என்று ஊர்ப்பக்கம் சொன்னால் குழந்தை வற்றி மெலிந்துவிட்டது என்று பொருள். கிணற்றுத் தவளையை ஆங்கிலத்தில் அப்படியே கொடுத்தால் ஓரளவு ஊகிப்பார்கள், இருந்தாலும் உலகம் தெரியாதவர் என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

லகர ளகரத்தையும் கவனியுங்கள். தவலை என்பது வாய் அகன்ற உலோகப் பாத்திரம். அதில் செய்வதால்தான் தவலை அடை. அதைத் ‘தவளை அடை’ என்று எழுதிய சமையல் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று மொழிபெயர்க்க வந்தால் முதலில் தமிழ் மூலத்தில் ளகரத்தை லகரமாகத் திருத்துங்கள், பிறகு ஆங்கிலத்தைத் தொடங்குங்கள்.